பாம்புக்கடி இனி அரசுக் கணக்கில் வரும்: நம் டெல்டாவுக்கு அது போதுமா?

முள்ளியாற்றங்கரை | இரவு 8:40

மத்தியப் பிரதேசத்துச் செய்தி ஒன்றை வாட்சப்பில் எல்லாரும் சிரித்துச் சிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சியோனி மாவட்டத்தில் 47 பேரை 280 தடவை இறந்ததாகக் காட்டி, 11 கோடி ரூபாய்க்கு மேல் நிவாரணப் பணத்தைச் சுருட்டியிருக்கிறார்கள். பாம்பு கடித்து, தண்ணீரில் மூழ்கி, இடி விழுந்து என்று காரணம் எழுதி, சாவு ஒன்றுக்கு 4 லட்சம். அதில் ஒரே ஆள் பல தடவை பாம்பு கடித்து இறந்ததாகப் பதிவு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பக்கம் நிலைமை தலைகீழ். வரப்பில் கடிபட்ட ஆளுக்கு வழியிலேயே உயிர் போய்விட்டால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அடக்கம் பண்ணிவிடுகிறோம். போஸ்ட்மார்ட்டம் என்றால் உடம்பை அறுப்பார்களே, போலீஸ் வருமே என்ற பயம். ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இதை மாற்றத்தான் 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. 1939ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும், கடிபட்டு யார் வந்தாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். கர்நாடகம் அதே வருடம் பிப்ரவரியிலேயே செய்துவிட்டது. மத்திய அரசும் 2024 மார்ச்சில் ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டு, 2030க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்றது.

கணக்கு வந்தால்தான் மருந்தும் ஆளும் வரும். அதனால் உத்தரவை மனதார வரவேற்கிறேன். ஆனால் கணக்கு எடுப்பது கடி நடந்த பிறகு. ஆளைப் பிழைக்க வைப்பது கடித்த முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு நம் தாலுகாக்களில் என்ன இருக்கிறது, அதுவும் ராத்திரியில்?

2024இல் ஜூலை 28 அன்றுதான் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். 2025இல் ஜூன் 12க்கே திறந்துவிட்டார்கள். கோடையில் வயல் வெடிப்புக்குள் கிடந்த எலியும் பாம்பும் தண்ணீர் வந்ததும் வரப்புக்கு ஏறும், வீட்டுக்கும் வரும். உங்கள் ஊர் நிலவரத்தை எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.


சிங்கைத் தஞ்சாவூரான் | இரவு 9:15

அண்ணே, நல்ல இழை. ஆனால் ஒரு கேள்வி. 2020இல் வந்த பெரிய ஆய்வைப் படித்திருக்கிறேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள், வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று சொல்கிறது. அதில் பெரும்பங்கு எட்டு மாநிலங்களில்தான்: பீகார், ஜார்க்கண்ட், உ.பி., ம.பி., ஒடிசா, ராஜஸ்தான், குஜராத், பழைய ஆந்திரா. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நாம் ஓரளவு நன்றாகத்தானே செய்கிறோம்? டெங்கு, நாய்க்கடி, சர்க்கரை என்று ஆயிரம் இருக்க, இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா?


முள்ளியாற்றங்கரை | இரவு 9:32

தம்பி, அந்த ஆய்வு ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வைத்துச் செய்தது இல்லை. வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் யார் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள் என்று கேட்டு எழுதியது. அதனால்தான் அவ்வளவு பெரிய எண் வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள், ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தவர்கள், ஜூன் முதல் செப்டம்பருக்குள் கடிபட்டவர்கள் என்றும் அதில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் என்றால் நமக்குக் குறுவை நெல் பருவம்.

பட்டியலில் இல்லை என்பதால் சாவு இல்லை என்று ஆகிவிடாது. நாய்க்கடி டவுனிலும் நடக்கிறது, கேமராவில் பதிவாகிறது, டிவியில் வருகிறது. பாம்பு கடிப்பது யாரை? மடை திறக்கப் போகிறவரை, களை பறிக்கிற பெண்ணை, எலிக்குக் கிட்டி வைக்கிறவரை, வைக்கோல் போரில் கை வைக்கிறவரை. இவர்களுக்காகப் பேச எந்தச் சேனலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டும் இல்லை.


செவிலியம்மா, குடவாசல் | இரவு 10:05

நான் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஏ.எஸ்.வி. என்கிற விஷமுறிவு மருந்து நம் ஊரில் ஒரே மருந்துதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் அதுவே. ஆகையால் பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவர வேண்டிய அவசியமே இல்லை. எடுத்துவந்தவரையே அது இரண்டாவதாகக் கடித்த கதையும் உண்டு. தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நாங்கள் பார்ப்பது ஆளை, பாம்பை இல்லை.

எப்படிப் பார்ப்போம்? விரியன் கடியா என்று தெரிய ஒரு சின்னச் சோதனை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஸ்டாண்டில் வைத்து, 20 நிமிடம் யாரும் தொடாமல் விட வேண்டும். அப்புறம் குழாயை ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்து குழாயோடு ஒட்டி நின்றால் சரி. தண்ணீராக ஓடிவந்தால் விஷம் ஏறியிருக்கிறது. லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் மட்டும் கையில் இருந்தால் இந்தச் சோதனையை நம்பிச் செய்ய முடியாது. இதை ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது மருந்து. முதல் தடவைக்கே 8 முதல் 10 குப்பி வேண்டும். சின்னக் குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் பொடி. அதோடு வரும் தண்ணீரை விட்டு உருக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துப்போகும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், தெளியும் வரைக்கும். ஒரு குப்பி, இன்னொரு குப்பி என்று பத்துக் குப்பி. ராத்திரி டூட்டியில் ஒரே நர்ஸ். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். வாசலில் இருபது பேர் ‘ஊசி போடு’ என்று சத்தம். அந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த மருந்தைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். சிலருக்கு ஒவ்வாமை வந்து உடம்பு தடித்து, ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு அடைக்கும். அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏ.எஸ்.வி.யைத் தொடங்க வேண்டும். அனுபவம் இல்லாத டாக்டர் இங்கேதான் தயங்குவார். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தப் பயணத்தில் போகிற ஒரு மணி நேரத்தில்தான் பல பேருடைய சிறுநீரகம் கெடுகிறது, மூச்சு நிற்கிறது.

1995இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்து வாங்கித் தர ஆரம்பித்த பிறகு, மருந்தே இல்லை என்ற நிலை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிறோம் என்று 2021இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நல்லதுதான், மனதாரப் பாராட்டுகிறேன். குளிர்பெட்டியில் மருந்து இருப்பதும், நடுராத்திரி அதைப் போட ஒரு கை இருப்பதும் வேறு வேறு.


மாயூரத்தான் | இரவு 10:28

செவிலியம்மா சொன்ன கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அடித்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் ஒட்ட வேண்டும்.

எங்கள் மாவட்டம் 2020இல் பிறந்தது. தஞ்சாவூருக்கு 1959இலேயே மருத்துவக் கல்லூரி, திருவாரூருக்கு 2010இல், நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில். மயிலாடுதுறைக்கு இன்னும் இல்லை. சீரியஸ் என்றால் திருவாரூர் 40 கிலோமீட்டர், தஞ்சாவூர் 70 கிலோமீட்டர். சீர்காழி, கொள்ளிடம் பக்கத்து ஆட்கள் சிதம்பரத்துக்கு ஓடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கொல்லையில் விறகு எடுக்கும்போது புறங்கையில் கண்ணாடி விரியன். முதலில் போன இடத்தில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் ரத்தம் எடுத்துவிட்டு அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில்தான் மருந்து ஏறியது. பிழைத்துவிட்டார், ஆனால் கொஞ்ச நாள் டயாலிசிஸ் பண்ண வேண்டியிருந்தது. முதல் இடத்திலேயே அந்த மருந்து இருந்திருக்கிறது. இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. யார் மேலும் கேஸ் போட வேண்டும் என்று அந்தக் குடும்பம் நினைக்கவில்லை. அடுத்த ஆளுக்காவது முதல் இடத்திலேயே போடட்டும் என்றுதான் அந்த அக்கா சொல்கிறார்.


நாட்டுவைத்தியர் பேரன் | இரவு 10:51

எல்லாரும் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தாத்தா நீடாமங்கலம் பக்கம் விஷக்கடிக்குப் பார்த்தவர். ராத்திரி எந்த நேரம் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். காசு வாங்க மாட்டார், வாங்கினால் வாக்கு பலிக்காது என்பார். மிளகைக் கடிக்கச் சொல்வார், காரம் தெரிகிறதா என்று கேட்பார், சிறியாநங்கை கொடுப்பார், பாடம் போடுவார். எத்தனையோ பேர் பிழைத்து எழுந்து போனதை நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அவரை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வராது.


செவிலியம்மா, குடவாசல் | இரவு 11:10

தம்பி, உங்கள் தாத்தாவை நான் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல மாட்டேன். நடுராத்திரி எழுந்து வருகிற அந்த மனசு இன்று பல இடங்களில் இல்லை என்பதுதானே இந்த இழையின் குறையே.

ஆனால் அவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்பதை யோசியுங்கள். நம் வயலில் கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு மேல் சாரை, தண்ணீர்ப்பாம்பு மாதிரி விஷமில்லாதவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காது. இவர்களெல்லாம் மிளகு தின்றாலும் பிழைப்பார்கள், தின்னாவிட்டாலும் பிழைப்பார்கள். விஷம் நிஜமாக ஏறியவருக்குத்தான் சோதனை. அவருக்கு வேர், இலை, மந்திரம், கல் எதுவும் கேட்காது. என் கண் முன்னால் அப்படி வந்து சேர்ந்தவர்கள் உண்டு. கையை இறுக்கிக் கட்டிய கயிறு சதைக்குள் பதிந்திருக்கும், கடிவாயைப் பிளேடால் கீறியிருப்பார்கள், விரியன் விஷத்தில் உறையாத ரத்தம் அந்தக் கீறல் வழியாக நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள், வீங்கினால் அப்புறம் கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து அசையாமல் துணியால் லேசாகச் சுற்றுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். 108க்குப் போன் பண்ணுங்கள். அது வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்று மறக்காமல் சொல்லுங்கள்.


நாட்டுவைத்தியர் பேரன் | இரவு 11:24

சரி அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் இப்போதும் சனம் முதலில் போய் நிற்பது வைத்தியர் வீட்டு வாசலில்தான். அவர்களைப் பகைத்துக்கொள்வதை விட, சுகாதாரத் துறை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம். ‘உங்களிடம் வந்தால் விபூதி போடுங்கள், தைரியம் சொல்லுங்கள், ஆனால் அடுத்த நிமிடம் வண்டி ஏற்றிவிடுங்கள்’ என்று. வைத்தியர் வாயால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னால் ஒரு ஆள் மறுக்க மாட்டான். தாத்தா இருந்திருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பார்.


முள்ளியாற்றங்கரை | இரவு 11:30

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான யோசனை இது. குறித்துக்கொண்டேன்.


வேதை உப்பளம் | காலை 6:20

நேற்று எழுத முடியவில்லை. வேதாரண்யம் பக்கம் கட்டுவிரியன்தான் எங்கள் பயம். வயலில் கடிப்பதை விட வீட்டுக்குள் கடிப்பது அதிகம். கீற்றுக்கொட்டகை, மண் தரை, பாய் விரித்துப் படுக்கை. விளக்கணைத்த பிறகு பல்லி, எலிக்குஞ்சு தேடிக்கொண்டு உள்ளே வரும். தூக்கத்தில் ஆள் புரண்டால் கடித்துவிடும். கொசு கடித்த மாதிரிதான் இருக்கும், தழும்பு கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது என்று எழுவார்கள். வாயுத் தொல்லை என்று இஞ்சி தட்டிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தானாக மூடும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். அப்போதுதான் வீட்டாருக்கு உறைக்கும்.

என் சித்தப்பா மகன் இப்படித்தான் போனான். வயிற்றுவலி என்றுதான் முதலில் காட்டினோம், வயிற்றுவலி ஊசிதான் போட்டார்கள். பாம்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்குப் பதினொரு வயது. அவன் சாவு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கஜா புயல் 2018 நவம்பர் 16இல் எங்களைத் தாண்டிப் போன பிறகு, விழுந்த தென்னையும் மட்டையும் மாதக்கணக்கில் வீட்டைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குள் இல்லாத பாம்பு இல்லை. கலைஞர் கனவு இல்லம் என்று 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடு கட்டித்தருவோம் என்று 2024இல் அரசு அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம். சுகாதாரத் துறை ஆட்கள் இதைத் தங்கள் திட்டமாக நினைக்க மாட்டார்கள். எங்களைக் கேட்டால், பாம்புக்கடிக்கு முதல் மருந்து சிமெண்ட் தரையும் சாத்துகிற கதவும்தான்.

வீடு வரும்வரை கொசுவலை. தரையில் படுத்தாலும் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் மடித்துச் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. எங்கள் தெருவில் நான் சொல்லிச் சொல்லிப் பல வீடுகளில் செய்கிறார்கள்.


பாபநாசம் டீச்சர் | காலை 7:05

வேதைத் தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அவர்கள் தலையில் பாம்பைப் பற்றி என்னென்ன இருக்கிறது தெரியுமா? கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும். சாரையைக் கண்டால் அடித்தே ஆக வேண்டும். நாலு எலியைத் தின்று நெல்லைக் காப்பாற்றுகிற சாரையை அடித்துப் போட்டுவிட்டு, எலி கூடிவிட்டது என்று மருந்து வைக்கிறோம். இதற்கு நடுவில், மண்ணுளியை இருதலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசிய கும்பல் வனத்துறையிடம் பிடிபட்டது என்று வருடா வருடம் எங்காவது செய்தி வருகிறது. அந்தப் பாம்பு பாவம், மண்ணுக்குள் கிடக்கிற சாது.

இன்னொரு செய்தியும் எனக்குள் தங்கிவிட்டது. 2024 ஜூலையில் உ.பி. ஃபதேபூரில் ஒரு இளைஞர், 40 நாளில் ஏழு தடவை பாம்பு கடித்தது என்று சொன்னார். நாடே வேடிக்கை பார்த்தது. மருத்துவக் குழு விசாரித்தபோது, கடித்தது ஒரு தடவைதான், மற்றதெல்லாம் பயம் என்று சொன்னார்கள். பயமும் நோய்தானே? என் வகுப்பில் ஒரு பெண், அவள் அப்பாவைப் பாம்பு கடித்து அவர் பிழைத்து வந்த பிறகும், சாயங்காலம் ஆனால் வாசலைத் தாண்ட மாட்டாள். கழிப்பறைக்குப் போகக்கூட அம்மா டார்ச் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடிவாய்க்கு மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தப் பயத்துக்கு யாரிடம் போவது?

நாலு விஷப்பாம்பின் படத்தையும் பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக வரைய வேண்டும் என்று நான் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, வரைந்தும் விட்டோம். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும், அதைப் போலவே இருக்கிற கட்டுவிரியனையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னேன். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள், பெரியவர்கள் கேட்கிறார்கள்.


சிங்கைத் தஞ்சாவூரான் | காலை 7:40

இரவு நான் கேட்ட கேள்விக்கு வேதை அண்ணன் எழுதியதே போதுமான பதில். கேட்டது வீண் போகவில்லை.

ஒரு யோசனை. சாலை விபத்துக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது, அரசோடு சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும். தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்பதில்லை. பாம்புக்கடியிலும் முதல் 48 மணி நேரம்தான் எல்லாமே. அந்தத் திட்டத்தில் இதையும் சேர்த்துவிட்டால், பக்கத்தில் வென்டிலேட்டர் இருக்கிற தனியார் இடத்துக்கே தைரியமாகக் கொண்டுபோகலாம்.


செவிலியம்மா, குடவாசல் | காலை 8:02

சரியான யோசனை. கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சுக் கருவி கிடைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். சில நாள் கழித்துக் கண் திறந்து தண்ணீர் கேட்பார். வழியில் மூச்சு நின்றுவிடாமல் கையால் அமுக்கி மூச்சு ஊட்டுகிற ‘அம்பு’ பையை அமுக்கிக்கொண்டே போக ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அதோடு தனியாரில் இன்னொரு சிக்கலும் தீரும். கடிபட்டு வந்தால் முன்பணம் கேட்டு நிற்க வைக்கிற இடங்களைப் பற்றி எனக்கு நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள்.


மாயூரத்தான் | காலை 8:25

கரண்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பம்ப்செட் வைத்திருக்கிற ஆட்களுக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம் வயலுக்குப் போயாக வேண்டும். முறை ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் இரண்டு மணிக்கு. ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் செல்போன் வெளிச்சம், செருப்பு சேற்றில் மாட்டும் என்று வெறுங்கால். மடையில் அடைத்த புல்லைக் கையை விட்டு இழுக்க வேண்டும். அந்தப் புல்லுக்குள் என்ன சுருண்டு கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டெல்டாவில் பகலில் தொடர்ந்து மும்முனை கொடுத்தால் பாதி ராத்திரிக் கடி குறையும் என்பது என் கருத்து.

பூட்ஸ் போடுங்கள் என்று ஒரு அதிகாரி கூட்டத்தில் சொன்னார். நடவு வயலில் பூட்ஸோடு இறங்கினால் கால் வராது, பூட்ஸ்தான் வரும் என்று பெண்கள் எழுந்து சொன்னார்கள். வரப்பில் நடக்கும்போது பூட்ஸ், கையில் தடி, நல்ல டார்ச். இதை மானியத்தில் கொடுத்தால் போதும். தெளிப்பானுக்கும் தார்ப்பாய்க்கும் மானியம் கொடுக்கிற வேளாண் துறைக்கு இது பெரிய செலவே இல்லை.


வேதை உப்பளம் | காலை 8:44

அந்த ஏ.எஸ்.வி. எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வரி சொல்லத் தோன்றுகிறது. இந்தியாவில் தயாராகிற மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே நம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978 முதல் இருக்கிறது. அந்தச் சமூகத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பீகாரில் யாருக்கோ ஏறுகிற மருந்து கூட நம் இருளர் கையிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கவே அலைய வேண்டியிருக்கிறது என்று அடிக்கடி படிக்கிறோம். நாடே கடன்பட்டிருக்கிறது அவர்களிடம்.


நாட்டுவைத்தியர் பேரன் | காலை 9:10

பேரளம் பக்கம் திருப்பாம்புரத்தில் பாம்பு யாரையும் தீண்டாது என்பது ஐதீகம். தாத்தா வருடம் ஒருமுறை அங்கே போய்வருவார். எனக்கும் நம்பிக்கை உண்டு. கும்பிட்டுவிட்டு வந்து கொசுவலையையும் கட்டிவிடுவேன். இரண்டுக்கும் சண்டை இல்லை.

எங்கள் ஊர் வைத்தியர்கள் இருவரிடம் நானே பேசுகிறேன். செவிலியம்மா ஒரு நாள் வந்தால் நல்லது. டாக்டர் வந்தால் அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், அம்மா வந்தால் உட்கார்ந்து கேட்பார்கள்.


செவிலியம்மா, குடவாசல் | காலை 9:18

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. வருகிறேன். கண்ணாடிக் குழாயையும் எடுத்துவந்து காட்டுகிறேன்.


முள்ளியாற்றங்கரை | பகல் 12:35

எல்லாருக்கும் நன்றி. ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எங்கள் ஊராட்சியில் தீர்மானமாகக் கொண்டுவர, இங்கே வந்ததை வைத்து எழுதியிருக்கிறேன். திருத்தம் சொல்லுங்கள்:

“எங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், முதல் தடவைக்குத் தேவையான 10 குப்பி பாம்புக்கடி விஷமுறிவு மருந்தும், அட்ரினலினும், ரத்தம் உறையும் சோதனைக்குக் கண்ணாடிக் குழாயும் எப்போதும் இருக்க வேண்டும். இருப்பு எவ்வளவு என்பதை வாசல் பலகையில் எழுத வேண்டும். அறிகுறி தெரிந்த நோயாளிக்கு முதல் மருந்தை அங்கேயே தொடங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது போட்ட மருந்தின் அளவையும் நேரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டிலோ வழியிலோ நேர்ந்த பாம்புக்கடிச் சாவையும் கிராம சுகாதார செவிலியர் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். பாம்புக்கடியை முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்க அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.”


பாபநாசம் டீச்சர் | பகல் 12:58

நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் படம் வரைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் செலவு ஊராட்சி கொடுத்தால் மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.


வேதை உப்பளம் | பகல் 1:10

விடியற்காலை வயிற்றுவலியோடு இமை தொங்கினால் பாம்புக்கடியாக இருக்குமோ என்று பார்க்கும்படி ஒரு வரி போடுங்கள் அண்ணே. தடம் தெரியாவிட்டாலும் சரி.


செவிலியம்மா, குடவாசல் | பகல் 1:22

வேதைத் தம்பி சொன்னதை அவசியம் போடுங்கள். அப்புறம், ‘எப்போதும்’ என்று பொதுவாக எழுதினால் பகலுக்கு மட்டும் ஆள் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். ‘இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை, இந்த மருந்தைப் போடப் பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும் இரண்டு செவிலியர்களும்’ என்று நேரத்தையும் ஆளையும் குறிப்பிட்டு எழுதுங்கள். இரண்டு செவிலியர் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.


முள்ளியாற்றங்கரை | பகல் 1:40

சேர்த்துவிட்டேன் அம்மா, இரண்டு செவிலியர் உட்பட. மற்ற ஊர்க்காரர்கள் இதையே எடுத்து, உங்கள் ஊராட்சி பெயரைப் போட்டுக் கொடுக்கலாம். கொடுத்தவர்கள் மனு நம்பரை இங்கே பதியுங்கள்.